ஏலமலையும் இரும்புமலையும்

மாவோயிஸ்டு இயக்கம் போடிநாயக்கனூருக்கு அண்மையிலும் தடம் பதித்ததுண்டு. 2007-இல் பெரியகுளத்தை அடுத்த முருகமலைக் காட்டில் மூவர் கைதாயினர். 2008-இல் கொடைக்கானல் மலையின் வடகவுஞ்சிக் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் மாண்டார். ஆயினும் இங்கு அது வேரூன்றவில்லை. சத்தீஸ்கரின் பஸ்தரிலோ 2009 முதல் மத்தியப் படைகள் பெருமளவில் இறங்கின. 2025 மே மாதம் இயக்கத்தின் பொதுச்செயலாளர் பசவராஜுவும் அபுஜ்மாட்டில் கொல்லப்பட்டார்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. மண்ணின் இயல்பும் அவற்றுள் ஒன்று எனலாம். ஏலம் மர நிழலில் விளைவது. களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆள் வேண்டும். ஆகவே போடிமெட்டு வழியே மலையேறும் தொழிலாளி கூலி கேட்டு வாதாட இயன்றது. பைலாடிலாவின் இரும்போ நிலத்துக்கடியில் கிடப்பது. அதை அகழ்வோர்க்கு மேலே வாழும் பழங்குடியினர் தேவையில்லை, அவர்கள் அகல்வதே தேவை. துப்பாக்கிகளைப் படையால் ஓய்விக்கலாம். அந்நிலம் எவருடையது என்னும் வினாவை ஓய்விக்க இயலாது.