பெரிய கடை வீதியில் ஒரு பிரெஞ்சு ஆயர்

கோவை டவுன்ஹாலில் இறங்கிப் பெரிய கடை வீதியில் நடந்தால், கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு மேலே இரட்டை மணிக்கோபுரம் தெரியும். புனித மிக்கேல் அதிதூதர் பேராலயம். கோவை மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். சாமான் வாங்கப் போகிற அவசரத்தில் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்தக் கோயிலின் கதையைப் புரிந்துகொள்ள, முதலில் அவிநாசி சாலையில் கிழக்கே போக வேண்டும். கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலுக்கு.

கொங்கு நாட்டில் கிறிஸ்தவம் வேர்விட்ட ஊர்களில் கருமத்தம்பட்டி மிகப் பழையது. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட ராபர்ட் டி நொபிலி சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்து சேர்ந்தார். அவர் வழிவந்த இயேசு சபைக் குருக்கள் அந்த நூற்றாண்டின் நடுவில் சத்தியமங்கலம், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் காலூன்றினார்கள். இன்று நாம் காணும் கட்டடம் பிற்காலத்தது. 1773இல் ரோம் இயேசு சபையைக் கலைத்ததும், இங்கிருந்த பணி பாரீஸ் அன்னிய வேதபோதக சபையின் கைக்கு மாறியது.

அந்தச் சபையின் குருவாக 1842இல் புதுச்சேரிக்கு வந்தவர் மெல்கியோர் மரியோன் பிரெசில்லாக். தென் பிரான்ஸின் கஸ்தெல்நோதரியில் 1813இல் பிறந்தவர். சேலத்தில் சில காலம் பணி, பிறகு புதுச்சேரி குருமடத்தின் பொறுப்பு. அங்கேதான் அவர் மனத்தில் ஒரு உறுதி ஏறியது. இந்த நாட்டுத் திருச்சபையை இந்த நாட்டவரே நடத்த வேண்டும். தமிழர்கள் குருக்களாகவும் ஆயர்களாகவும் வர வேண்டும். வந்த வெள்ளைக்காரக் குருக்களுக்குக் கீழே உள்ளூர்க் குருக்கள் உதவியாளர்களாகவே நின்றுவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். 1840களில் ஒரு ஐரோப்பியர் இப்படிச் சிந்தித்தது பெரிய விஷயம் என்றே நான் சொல்வேன்.

1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. செபமாலை மாதாவின் திருநாள் கொண்டாடும் அக்டோபர் முதல் ஞாயிறு. அன்று கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் அபிஷேகம் நடந்தது. ஐரோப்பாவில் இதற்கென்று பெரும் பேராலயங்கள் இருக்கின்றன. இவருக்கோ சோளக்காடும் பருத்திக்காடும் சூழ்ந்த கொங்குக் கிராமம். 1850இல் கோவை தனி ஆட்சிப் பகுதியானபோது அதன் முதல் தலைவர் அவரே. கோவை நகரில் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

கோயில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே அவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. சாதி.

நொபிலி காலம் தொட்டே, உள்ளூர் வழக்கங்களில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்று சர்ச்சை ஓயவில்லை. தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கலாமா? சாதியால் ஒதுக்கப்பட்டவர் நோயில் கிடந்தால், குரு அவர் வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கலாமா? 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், மலபார் சடங்குகள் என்று அழைக்கப்பட்ட இந்த வழக்கங்கள் குறித்து விரிவான ஆணை பிறப்பித்தார். இங்கு பணிக்கு வந்த ஒவ்வொரு குருவும் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஒதுக்கப்பட்ட மக்களுக்கென்றே தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் அதே திருத்தந்தை அனுமதித்தார். சட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு சந்து இருந்தால் நடைமுறை எப்படி இருந்திருக்கும்! ஒரு பங்கில் ஒரு வழக்கம், அடுத்த பங்கில் வேறு வழக்கம்.

சத்தியம் செய்துவிட்டு மனசாட்சிக்கு மாறாக நடக்க பிரெசில்லாக்கால் முடியவில்லை. தெளிவான தீர்ப்பு வேண்டும் என்று ரோமிடம் கேட்டார், நேரிலும் போனார். அவர் எதிர்பார்த்த தெளிவு வரவில்லை. 1855இல் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. கோவைக்கு அவர் திரும்பவே இல்லை. அவர் தொடங்கிய பேராலயத்தைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள்.

வேறொருவராக இருந்தால் பிரான்ஸில் ஓய்ந்திருப்பார். இவர் 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க வேதபோதக சபையை நிறுவினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஆறு வாரத்தில், ஜூன் 25 அன்று, 45ஆம் வயதில் இறந்துபோனார். அவரோடு போன தோழர்களையும் காய்ச்சல் விடவில்லை. ஆனால் அவர் தொடங்கிய சபை அழியவில்லை. இன்றும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பணி செய்கிறது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

 

பிரெசில்லாக் விரும்பிய தமிழ் ஆயர் கோவைக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. தூத்துக்குடிக்கு 1923இலேயே திபூர்சியுஸ் ரோச் ஆயராகிவிட்டார். கோவையில் பிரெஞ்சு ஆயர்களின் வரிசை முடிந்து, 1940இல் உபகாரசாமி ஆண்டகை பொறுப்பேற்றார். பிரெசில்லாக் அடிக்கல் நாட்டிய அந்தப் பேராலயமே அவருக்கும் தலைமைக் கோயிலாயிற்று.

அடுத்த வாரம் ஈரோடு: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் பாதிரியாரும், அவர் பெயரால் நிற்கும் ஆலயமும்.