நந்தன் வேடம் யாருக்கு?

நினைவுரை என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவதற்கான சடங்கு அல்ல. அவர்கள் விட்டுச்சென்ற கேள்வி ஒன்றை எடுத்துத் தொடர்வதற்கான வாய்ப்பு. அப்படி ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒருவருடைய வேடத்தை யார் போடலாம்?

மேலை நாடுகளில் சில ஆண்டுகளாக இந்த விவாதம் சூடாக நடக்கிறது. இஸ்ரேலின் பிரதமராக இருந்த கோல்டா மேயரின் வேடத்தில், யூதரல்லாத ஹெலன் மிர்ரன் 2023இல் வெளியான படத்தில் நடித்தார். யூத நடிகை மவ்ரீன் லிப்மன் அதற்கு ஆட்சேபம் சொன்னார். அதே ஆண்டு 'மேஸ்ட்ரோ' படத்தில் யூத இசைமேதை லெனார்ட் பெர்ன்ஸ்டைனாக நடித்த பிராட்லி கூப்பர் செயற்கை மூக்கு ஒட்டிக்கொண்டார். அந்த மூக்கே சர்ச்சையானது. பெர்ன்ஸ்டைனின் பிள்ளைகளோ கூப்பருக்கு ஆதரவாகப் பேசினார்கள். நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே என்கிறது ஒரு தரப்பு. எங்கள் முகத்தை எத்தனை காலம் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள் என்கிறது மறுதரப்பு.

இது நமக்கு அந்நியமான சண்டை இல்லை. சாதி என்பதே பிறப்பைப் பார்த்து வேடம் கொடுக்கும் ஏற்பாடு. யார் அர்ச்சகர், யார் தோல் உரிப்பவர், யார் தறியில் உட்காருபவர் என்பதைத் தாயின் வயிற்றிலேயே தீர்மானித்த சமூகம் நம்முடையது. ஆகவே நம் வரலாற்றை வைத்து இந்தக் கேள்வியை அணுகிப் பார்ப்போம்.

ஆள் இல்லாத ஊரில் வேடம்

முதலில் யூதர்களின் கதையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1290இல் யூதர்கள் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மீண்டும் அங்கே வெளிப்படையாக வாழ முடிந்தது 1656க்குப் பிறகுதான். ஷேக்ஸ்பியர் 'வெனிஸ் வணிகன்' எழுதியது 1590களின் பிற்பகுதியில். தம் மதத்தை வெளியில் சொல்லி வாழும் யூதர் ஒருவரைக்கூட அக்கம்பக்கத்தில் பார்த்திராத கூட்டம், மேடையில் ஷைலாக்கைப் பார்த்துச் சிரித்தது. ஆள் ஊரில் இல்லை. ஆளின் வேடம் மட்டும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'வாணீபுர வணிகன்' என்று தமிழாக்கினார்.

இதன் கொடிய வடிவம் ஜெர்மனியில் வந்தது. 1933க்குப் பிறகு நாஜி அரசு யூத நடிகர்களை மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் விரட்டியது. 1940இல் வெளியான 'யூத் ஸ்யூஸ்' என்ற வெறுப்புப் படத்தில் வெர்னர் கிராவுஸ் என்ற ஜெர்மானிய நடிகர் ஒருவரே பல யூதர்களாக நடித்தார். தொழுகைக்கூடக் காட்சியில் கூட்டத்துக்கு மட்டும் பிராகாவின் உண்மையான யூதர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே கிராவுஸ் 1943இல் வியன்னாவில் ஷைலாக்காக நடித்தபோது, அந்த நகரத்தின் யூதர்கள் தப்பியோடியிருந்தார்கள், அல்லது முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இரண்டு கொடுமைகளையும் ஒரே தராசில் நிறுக்க இதைச் சொல்லவில்லை. வேடம் இருக்கும், வேடத்துக்கு உரியவருக்கு இடம் இருக்காது என்ற ஏற்பாட்டை அடையாளம் காட்டவே சொல்கிறேன். அந்த ஏற்பாட்டுக்கு நம் மொழியில் ஒரு பெயர் உண்டு: நந்தனார்.

நந்தன் மறைந்த இரண்டு இடங்கள்

நந்தனாரின் கதையை விரிவாகப் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். நம் தொண்டை மண்டலத்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கிறார். அவர் உரித்த தோல் கோயிலுக்குள் போகிறது. அவர் வாசலில் நிற்கிறார். பட்டு நெசவு ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்த பொருள் போகும் இடத்துக்கெல்லாம் அதைச் செய்தவர் போய்விட முடியாது.

கடைசியில் தில்லையில் அவர் தீயில் இறங்குகிறார். வெளியே வரும்போது பூணூலும் சடைமுடியுமாக வேதிய முனிவர் கோலத்தில் வருகிறார். அந்தக் கோலத்தில்தான் உள்ளே போகிறார். அதாவது தில்லைக்குள் போனவர் புலைப்பாடி நந்தன் இல்லை. வேடம் மாற்றப்பட்ட நந்தன். இது அவர் மறைந்த முதல் இடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரை நிலவுடைமையாளராக, நந்தனின் ஆண்டையாக அவர் கொண்டுவந்தார். பண்ணையாள் முறையின் கொடுமை அந்தக் கதைக்குள் வந்தது அவரால்தான். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கீர்த்தனைகள் கதாகாலட்சேப மேடையிலும் சபாவிலும் வளர்ந்தன. நந்தனின் பாட்டு, நந்தன் உட்கார முடியாத இடத்தின் சொத்தானது.

பிறகு பேசும் படம் வந்தது. 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அதற்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரப்பட்டது. அந்தக் காலத்தில் கேட்டிராத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தில் தேவார இசை மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும், செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தார்கள்.

இவர்கள் பெரும் கலைஞர்கள். கொடுமுடியின் வறுமையிலிருந்து வந்த ஒரு பெண், ஓர் ஆணின் வேடத்தில் நடித்துத் தமிழகத்தை உருக வைத்தது சாதாரண சாதனை இல்லை. ஆனால் தேர்வு எப்படி நடந்தது என்று பாருங்கள். அந்தக் காலப் பேசும் படத்துக்குப் பாடகர் வேண்டும். பாடகர் இருந்த இடம் நாடக மேடையும் சபாவும். சபாவின் வாசல் சேரிக்குத் திறக்கவில்லை. ஆகவே யாரும் "தலித் நடிக்கக் கூடாது" என்று விதி எழுத வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. "திறமை" என்ற ஒற்றைச் சொல்லே போதுமானதாக இருந்தது. ஆண் வேடத்தைப் பெண் போடும் அளவுக்குக் கற்பனை விரிந்தது. நந்தனின் சாதியில் ஒரு நந்தனைத் தேடும் அளவுக்கு விரியவில்லை.

1935இல் மதுரை மீனாட்சி கோயில்கூட நமக்குத் திறக்கவில்லை. அது நடந்தது 1939 ஜூலை 8இல். மாகாணம் முழுவதற்குமான சட்டம் வந்தது 1947இல். ஆகவே 'பக்த நந்தனார்' ஓடியபோது நிலைமை இதுதான்: நந்தன் வேடம் போட்டவர் கோயிலுக்குள் போகலாம், நந்தனாகப் பிறந்தவர் போக முடியாது. இது அவர் மறைந்த இரண்டாவது இடம்.

நம் முன்னோர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பண்ணையாளாக ஏற்க மறுத்து, வஞ்சிக்கப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் குறித்த நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகிய மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நந்தன் யார் என்று சொல்லும் உரிமையே இங்கே முதல் போராட்டமாக இருந்திருக்கிறது. நடிப்பது யார் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மேலே ஏறிய ஒரே ஒரு வேடம்

மேலிருந்து கீழே வரும் வேடத்துக்குப் பரிசு கிடைத்தது. கீழிருந்து மேலே போன வேடத்துக்கு என்ன கிடைத்தது?

1928இல் உருவான 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல். அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோஸி. காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகிய புலையர் குலப் பெண். திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் படம் போட்டபோது, நாயகி அரங்குக்குள் வரக்கூட விடப்படவில்லை. நாயர் பெண்ணின் வேடத்தில் ஒரு புலையப் பெண்ணைக் கண்ட கூட்டம் திரையின் மீது கல்லெறிந்தது. அவருடைய குடிசை எரிக்கப்பட்டது. அவர் லாரி ஒன்றில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பினார். பெயரை மாற்றிக்கொண்டு எஞ்சிய வாழ்நாளை மறைவாகக் கழித்தார். அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை.

சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம். ரோஸிக்கு எரிந்த வீடு. இரண்டு வேடங்களுக்கும் இடையே ஏழு ஆண்டுகள்தான். "நடிகருக்கு இனம் ஏது, சாதி ஏது" என்று சொல்பவர்கள் முதலில் ரோஸிக்குப் பதில் சொல்லட்டும். கலைக்கு எல்லை இல்லை என்பது உண்மையானால், அந்த வழி இரு திசையிலும் திறந்திருக்க வேண்டும்.

காஞ்சியின் மேடைகள்

இந்த மாவட்டத்திலேயே வேறு சாட்சிகள் உண்டு. இங்கே கூத்துப் பார்க்காதவர் குறைவு. மரத்தால் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து. உழைக்கும் சாதிகளின் ஆண்கள் விடியவிடியத் துரியோதனனாகவும் திரௌபதியாகவும் ஆடுவார்கள். தலித் குழுக்களும் உண்டு. இரவெல்லாம் மன்னனாக இருந்தவர் விடிந்ததும் கூலிக்குக் காத்திருப்பார். எந்த ஊர்த் திருவிழாவுக்கு எந்தக் குழுவுக்குத் தாம்பூலம் வைப்பது என்பதில் சாதி பேசும். ஆனாலும் அந்த மேடை ஓர் உண்மையைச் சொல்கிறது: மன்னன் வேடத்துக்கு மன்னன் ரத்தம் வேண்டாம், பயிற்சி போதும். புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் கற்றுக்கொடுத்தபோது, ஆண்களுக்கே உரியதாக இருந்த மேடையில் இன்னொரு வேலியும் சாய்ந்தது.

இந்த ஊர் நெசவாளர் குலத்தில் பிறந்த அண்ணா, 1940களின் நடுவில் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' எழுதினார். சூத்திரன் என்று சொல்லி சிவாஜியின் முடிசூட்டுக்குத் தடை எழுப்பப்பட்ட கதை. அதில் வேதியர் காகபட்டராக நடித்தவர் அண்ணாவே. சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. பார்ப்பனரல்லாதவர் பார்ப்பனர் வேடம் போட்டு, அந்த அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று மேடையில் பிரித்துக் காட்டினார். பிறப்புக்கேற்ற வேடம்தான் என்று இருந்திருந்தால் அந்த நாடகமே நடந்திருக்காது. ஆனால் அந்த மேடை சூத்திரர் வரைக்கும் திறந்தது. நாம் கேட்க வேண்டியது அதற்கு அடுத்த படி.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் நம் ஊர் நெசவாளியாகக் கர்நாடகத்தில் பிறந்த பிரகாஷ் ராஜ் நடித்துத் தேசிய விருது பெற்றார். மகளுக்குப் பட்டு கட்ட ஆசைப்பட்ட தகப்பனின் துயரத்தை அவர் உணர்த்தினார். அவர் தறியில் உட்கார்ந்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் 'ஜெய்பீம்'? 2021இல் வந்த அந்தப் படம் காவல் சித்திரவதையை நாடு முழுவதும் பேச வைத்தது. இருளர் தம்பதியாக மணிகண்டனும், கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோல் ஜோஸும் நடித்தார்கள். லிஜோமோல் இருளர் மக்களோடு பழகிப் பயிற்சி எடுத்தார். உழைப்பு மெய்யானது. இருளர் பலர் சுற்றியிருக்கும் முகங்களாக வந்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1993இல் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராசாகண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அந்தச் சமூகமே மாறிவிட்டது. நடிகரின் பிறப்பை விவாதித்த பலரும், பாதிக்கப்பட்ட மக்களின் பெயர் மாறியதை அந்த அளவுக்கு விவாதிக்கவில்லை.

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே, "தலித் வேடத்தைத் தலித் மட்டுமே போட வேண்டும்" என்பதை நம் கோரிக்கையாக வைத்தால், மனுவின் விதியை நாமே திருப்பி எழுதுகிறோம். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து அடைத்துவைக்கிறது என்று 1936லேயே அம்பேத்கர் விளக்கினார். சேரிக் காட்சிக்கு மட்டும் நம் பிள்ளைகளைக் கூப்பிடும் திரைத்துறை, சேரியைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கட்டுகிறது, அவ்வளவுதான். மருத்துவராக, நீதிபதியாக, காதலனாக, சோழ மன்னனாக வர நம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ரோஸி கேட்டது அந்த உரிமையைத்தான்.

அதற்காக "யார் வேண்டுமானாலும் நடிக்கலாம்" என்ற வசனத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். தேர்வுக்கு அழைக்கப்பட்டவர் யார்? எழுதியவர் யார்? ஏழ்மையைக் காட்ட முகத்தில் கரி பூசுவது ஏன்? கறுத்த முகத்தோடு பிறந்தவர் ஏன் எப்போதும் கூட்டத்தில் மட்டும் நிற்கிறார்? வசனம் யாருக்கு, கூலி எவ்வளவு, பெயர்ப் பட்டியலில் பெயர் வந்ததா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் கிடைக்கும் மேடையில், நந்தனாக எவர் நடித்தாலும் எனக்குச் சம்மதம்.

'அட்டகத்தி' தொடங்கிப் பா. ரஞ்சித்தும், 'பரியேறும் பெருமாள்' தொடங்கி மாரி செல்வராஜும் செய்த மாற்றத்தை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் எல்லா நடிகரின் பிறப்பையும் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. கதையைச் சொல்லும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்த பிறகு நந்தனைத் தீயில் இறக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். உங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் அடுத்து நாடகம் போடும்போது, நந்தன் கதையை எடுங்கள். தீக்குளிப்புக் காட்சியை எழுதாமல், நந்தன் நந்தனாகவே வாசலைக் கடப்பதாக எழுதுங்கள். நந்தனாக யார் நடிப்பது, வேதியராக யார் நடிப்பது என்று ஒத்திகைக்கு முன் எல்லோரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். அந்தப் பேச்சு சங்கடமாக இருக்கும். நாடகத்தைவிட அது முக்கியம்.

ஜெய்பீம்.