அறுந்த இடம் எங்கே? தந்தி முதல் லேன் வரை கம்பிப் பழுது தேடிய கதை

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனுக்கு வருபவர்கள் 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்தையும், 1760இல் எசக்கியேல் ரஹாபி கட்டுவித்த மணிக்கூண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதே பகுதியில் உலக மிளகு வணிகத்தோடு தொடர்புடைய இன்னொரு கட்டடம் உண்டு. இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகர் சங்கத்தின் சந்தை அது. 1957இல் தொடங்கிய இந்தச் சங்கத்தில் தரகர்கள் ஒன்றுகூடி, கூவியே முன்பேர விலை பேசினார்கள். பேசி முடித்த விலை தொலைபேசிக் கம்பி வழியே வெளியூர்களுக்குப் போனது. 1997 நவம்பரில் வெளிநாட்டாருக்கும் சந்தை திறந்துவிடப்பட்டது. பிற்பாடு கூவல் ஓய்ந்து வணிகம் கணினித் திரைக்கு மாறியது.

கூவலுக்குத் தொண்டை போதும். திரைக்கோ ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கம்பி வேண்டும். அந்தக் கம்பி எங்காவது அறுந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கலை கணினியோடு பிறந்ததல்ல. அதன் வேர் தந்திக் காலத்தில் இருக்கிறது.

மருத்துவரான வில்லியம் ஓஷானசி 1839இல் கல்கத்தாவில் தந்திச் சோதனைகள் செய்தார். 1850களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே அவர் பொறுப்பில் தந்தித் தடம் இயங்கியது. தரையில் கம்பம் நட்டு இழுத்த கம்பி அறுந்தால் ஆள் நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். ஆற்றுக்கும் கடலுக்கும் அடியில் கிடக்கும் கேபிளை அப்படிப் பார்க்க வழியில்லை. கரையில் இருக்கும் முனையில் உட்கார்ந்தபடியே, கண்ணுக்குத் தெரியாத பழுது எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டாக வேண்டும். பழுது தேடுவதை அளவியலாக மாற்றியது இந்த நெருக்கடிதான்.

அளக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1858ஆம் ஆண்டின் அட்லாண்டிக் கேபிள் சான்று. பலவீனமான அந்தக் கேபிளில் வைல்ட்மன் வைட்ஹவுஸ் ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது. அதையடுத்து அமைந்த விசாரணைக் குழு 1861இல் அறிக்கை தந்தது. மின்தடையை அளக்க எல்லோருக்கும் பொதுவான அலகு வேண்டும் என்ற கோரிக்கை அந்தப் பத்தாண்டில்தான் வலுத்தது.

அளப்பதற்கான கருவி அதற்கு முன்பே தயாராக இருந்தது. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி 1833இல் வகுத்து, சார்லஸ் வீட்ஸ்டன் 1843இல் பரப்பிய மின்தடைப் பாலம் அது. இதை வைத்து முர்ரே, வார்லி ஆகிய இருவர் பெயரிலும் வளையச் சோதனைகள் உருவாயின. ஒரு கம்பி எங்கோ தரையைத் தொட்டு மின்னோட்டம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வழியில் போகும் நல்ல கம்பி ஒன்றை மறுமுனையில் அதோடு இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். பாலத்தைச் சமன்செய்தால், அந்த வளையத்தில் கசிவு எந்த விகிதத்தில் விழுகிறது என்று தெரியும். கம்பியின் மொத்த நீளம் தெரிந்தவருக்கு, விகிதத்திலிருந்து தூரத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு.

இந்தக் கலையை இந்தியாவில் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் லூயிஸ் ஷ்வெண்ட்லர். ஜெர்மானியரான இவர் இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றினார். தந்தித் தடங்களைச் சோதிக்கும் முறைகளை விளக்கி இவர் எழுதிய கையேடு 1870களின் இறுதியில் வெளிவந்தது. கல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்கா உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் என்றுதான் இவரை இன்று சிலர் நினைவுகூர்கிறார்கள். தொழில்நுட்ப வரலாறு இவருக்கு இதைவிடப் பெரிய இடம் தர வேண்டும். ஒழுங்காக அளந்து பதிவுசெய்து வந்தால், தடம் அறுவதற்கு முன்பே அதன் காப்பு நலிந்துவருவதைக் கண்டுகொள்ளலாம் என்ற நடைமுறைக்கு இந்நாட்டில் அடித்தளம் போட்டவர் அவர்.

தொலைபேசி வந்ததும் எதிரி மாறியது. ஈயக் கவசத்துக்குள் காகிதம் சுற்றிய செப்புக் கம்பிகளுக்கு ஈரம்தான் எமன். உலர்காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தித் தண்ணீர் புகாமல் காத்தார்கள். பின்னாளில் ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. லைன்மேன் கையில் மெக்கர் இருந்தது. கம்பியின் காப்பு எவ்வளவு மின்தடை தருகிறது என்று அது சொன்னது. தென்மேற்குப் பருவமழையை முதலில் வாங்கிக்கொள்ளும் கேரளக் கரையில் இந்த அளவீட்டுக்குக் கூடுதல் மதிப்பு இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணினிகளை லேன் எனும் உள்ளக வலையாகக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட், 1973இல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்கால்ஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் கையில் உருவானது. முதலில் தடித்த கோஆக்சியல் கேபிள்; பிறகு மெல்லிய கோஆக்சியல். மெல்லிய வகையில் ஒரு துண்டு 185 மீட்டர் வரை போகலாம். இரு முனைகளிலும் டெர்மினேட்டர் எனும் 50 ஓம் முனைத்தடை மாட்ட வேண்டும். நடுவில் ஒரு பிஎன்சி இணைப்பு கழன்றாலும் அந்தத் துண்டிலுள்ள எல்லாக் கணினிகளும் ஊமையாகிவிடும். பழுது தேடிய முறையோ எளிமையானது. கணினிகளை நிறுத்திவிட்டு, கணினியைக் கேபிளோடு சேர்க்கும் ஒரு டி-இணைப்பில் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 25 ஓம் காட்ட வேண்டும். இரண்டு டெர்மினேட்டரும் பக்க இணைப்பில் இருப்பதால் வரும் கணக்கு அது. 50 ஓம் காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. கேபிளைப் பாதியில் பிரித்து, அந்த இடத்தில் டெர்மினேட்டரை மாட்டி, எந்தப் பாதி உயிர்க்கிறது என்று பார்ப்பார்கள். உயிர்க்காத பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். நாலைந்து சுற்றில் இடம் பிடிபட்டுவிடும்.

1990இல் தரநிலையான முறுக்கிய இணைக் கம்பி, ஒவ்வொரு கணினிக்கும் தனித் தடம் கொடுத்தது. ஒன்று அறுந்தால் ஒன்றுதான் கெடும். கம்பி முனையில் பிளக்கை இறுக்கும் கிரிம்பிங் டூல், கம்பியை இணைப்புப் பலகையில் அழுத்திப் பதிக்கும் பஞ்ச் டவுன் டூல், எந்தக் கம்பி எது என்று ஒலியால் காட்டும் டோனர் ஆகியவை தொழிலாளியின் பையில் சேர்ந்தன. 1991இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழிலக அமைப்பு கட்டடக் கம்பித் தடங்களுக்கு 568 என்ற தரநிலையை வெளியிட்டது. போட்ட தடத்தை அதே இடத்தில் சோதித்துச் சான்றளிக்கும் விதிகள் 1995இல் வந்தன. ராடார் முறையும் கைக்கருவிக்குள் புகுந்தது. கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பினால், அறுந்த இடத்தில் அது எதிரொலித்துத் திரும்பும். சாதாரண லேன் கேபிளில் துடிப்பின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ 69 சதவீதம். 50 மீட்டரில் அறுந்திருந்தால் எதிரொலி அரை மைக்ரோ நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும்.

இதே காலத்தில் எட்டு விளக்குகள் வரிசையாக மின்னும் மலிவான லேன் டெஸ்டரும் கடைகளை நிறைத்தது. இன்று பல தடங்கள் அதை நம்பித்தான் ஒப்படைக்கப்படுகின்றன. இது கவலைக்குரிய பின்னடைவு. ஒன்றாம் கம்பி மறுமுனையின் ஒன்றாம் முள்ளைத் தொடுகிறதா என்பதை மட்டுமே அந்த விளக்கு சொல்லும். ஒரே இணையாக முறுக்கப்பட வேண்டிய இரு கம்பிகளை வெவ்வேறு இணைகளிலிருந்து எடுத்து மாட்டினாலும் எட்டு விளக்கும் சரியாகவே எரியும். வேகம் கூடியதும் இணைகளுக்கிடையே குறுக்குப்பேச்சு எழுந்து தரவு சிதறும். விளக்கு எரிகிறது, வலை திணறுகிறது என்று புகார் வரும் இடங்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று, அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிள். விலை குறைவு என்பதால் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதன் மின்தடை தூய செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கேபிள் வழியே மின்சாரமும் பெறும் கேமராக்கள் தூரம் கூடியதும் இதில் அணைந்து அணைந்து எரியும். எட்டு விளக்கு டெஸ்டரால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நல்ல செப்புக் கம்பி ஒன்றுக்கு 100 மீட்டரில் 9.38 ஓம்தான் உச்ச வரம்பு. மறுமுனையில் ஓர் இணையைச் சேர்த்துவிட்டு, இந்த முனையில் மல்டிமீட்டரால் வளையத் தடையை அளந்தால் போலி உடனே அம்பலமாகும். முர்ரேயும் வார்லியும் தந்திக்காகக் கட்டிய அதே வளையம், ஒன்றரை நூற்றாண்டு கழித்து இங்கே கைகொடுக்கிறது.

கொச்சி கேபிள்களின் ஊரும்கூட. சீ-மீ-வீ 3, சேஃப் ஆகிய கடலடிக் கேபிள்கள் இங்கே கரையேறின. 2008 டிசம்பர் 19இல் மத்தியதரைக் கடலில் அறுந்த கேபிள்களில் சீ-மீ-வீ 3 ஒன்று. லட்சத்தீவின் 11 தீவுகளைக் கொச்சியோடு இணைக்கும் கேபிள் 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கண்ணாடி இழையில் பழுதைத் தேட 1976இல் பர்னோஸ்கியும் ஜென்சனும் முன்வைத்த ஒளி எதிரொலி முறைதான் இன்றும் அடிப்படை. கடலடித் தடங்களில் அளக்காமல் எதுவும் ஒப்படைக்கப்படுவதில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜூ டவுனின் செம்புரைக்கல், சுண்ணாம்புச் சுவர்களுக்குள் ஓடும் நூறு மீட்டர் கம்பிக்கும் அதே ஒழுங்கு தேவை. உப்புக் காற்றும் ஈரமும் இணைப்பு முட்களை அரிக்கின்றன. பாரம்பரியச் சுவரைப் பழுது தேடுவதற்காக மறுபடி இடிக்க முடியாது. ஆகவே இப்படிப்பட்ட கட்டடத்தில் கம்பி இழுக்கக் கொடுப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: ஒவ்வொரு தடத்துக்கும் அளவீட்டு அறிக்கை, இரு முனைகளிலும் எண் எழுதிய அடையாளம், கம்பி சுவருக்குள் போகும் வழியைக் காட்டும் வரைபடம்.