தாண்டேகர் கேட்ட கேள்வி

பி.காம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக பாப்பாரப்பட்டியில் 25 கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு நாள் விற்பனை எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் "டாக்ஸ் ஆபீஸா தம்பி?" என்கிறார்கள். எப்படியோ வாங்கிய எண்களை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் போட்டோம். சராசரிக்குப் பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட் எரர்' என்று ஒரு எண் வந்து நின்றது. இது எதற்கு என்று வகுப்பில் கேட்டேன். "அது சாஃப்ட்வேரே போட்டுக்கும், நீ டேபிளை மட்டும் காப்பி பண்ணு" என்று பதில். எல்லோரும் சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் சி.ஆர். ராவ் பற்றிப் படித்தேன். 1920-ல் இன்றைய கர்நாடகத்தின் ஹடகளியில் பிறந்த தெலுங்குக்காரர். ஆந்திரப் பல்கலையில் கணிதம் முடித்துவிட்டு, யுத்த காலத்தில் ஒரு வேலைக்காகக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. தங்கிய இடத்தில் பழக்கமான ஒரு தென்னிந்தியர் மூலம், மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு 1941 ஜனவரியில் அங்கே சேர்ந்தார். (அந்த வேலை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!) கல்கத்தா பல்கலையின் முதல் புள்ளியியல் எம்.ஏ. அணியில் படித்து 1943-ல் தேறினார். அடுத்த ஆண்டே அங்கே முதுகலை மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வயது 24!

ஒரு நாள் பாடம், ஃபிஷரின் முடிவு. மாதிரி மிகப் பெரியதாக இருந்தால், மதிப்பீட்டின் பிழை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது என்பது. வினாயக் மகாதேவ் தாண்டேகர் என்ற மாணவர் எழுந்து, "சிறிய மாதிரிக்கும் இதை நிரூபிக்க முடியாதா?" என்று கேட்டார். வாத்தியாரும் மாணவரும் ஒரே வருஷம் பிறந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ராவ் அதட்டவில்லை. வீட்டுக்குப் போய் இரவெல்லாம் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, மறுநாள் வகுப்பில் நிரூபித்துக் காட்டினார்.

அதை என் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். கடைக்குக் கடை விற்பனையின் திட்ட விலக்கம் 5,000 ரூபாய் என்றும், விற்பனை மணி வடிவத்தில் பரவியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 25 கடைகளின் சராசரிக்குத் திட்டப் பிழை 5,000-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் 1,000 ரூபாய். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயாத எந்த முறையாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும், இந்த 25 கடைகளை வைத்து 1,000-க்குக் கீழே போக முடியாது. 500 ஆக்க வேண்டுமானால் 100 கடைகள் ஏறி இறங்க வேண்டும். வேறு குறுக்கு வழியே கிடையாது என்பதை ஒரு மனிதர் ஒரே இரவில் காட்டியிருக்கிறார்!

1945-ல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் இது கட்டுரையாக வந்தது. 1946-ல் ஸ்வீடனின் கிராமர் தன் புத்தகத்தில் தனியாக அதே முடிவைத் தந்தார். அதனால் பெயர் கிராமர்-ராவ் சமனின்மை. பிரான்சின் ஃப்ரெஷே 1943-லேயே நெருங்கியிருந்தார், அவர் பெயரையும் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. கேள்வி கேட்டவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

ஆனால் அந்தப் பெயர் காமர்ஸ்காரர்களான நமக்குப் புதிதல்ல. இந்தியப் பொருளாதாரம் பேப்பரில் வறுமைக் கோடு பாடத்தில் வரும் "தாண்டேகர் - ரத்"தின் தாண்டேகர் இவரேதான்! புனே கோகலே நிறுவனத்தில் இருந்தபோது, நீலகண்ட ரத்துடன் சேர்ந்து 1971-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு நாளைக்கு 2,250 கலோரி வாங்கக் காசில்லாதவர் ஏழை என்று வைத்து, 1960-61-ல் கிராமங்களில் சுமார் 40 சதவீதம் பேரும் நகரங்களில் ஏறத்தாழ பாதிப் பேரும் ஏழைகள் என்றார்கள். அடிப்படை, தேசிய மாதிரி ஆய்வின் குடும்பச் செலவுக் கணக்கு. இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தபோது, இதுவும் ஒரு மாதிரியிலிருந்து வந்த எண்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த 1945 கட்டுரை உட்பட்ட பணிக்காக 2023-ல் ராவுக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 102 வயதில் காலமானார்.

எனக்கு அடுத்த வாரம் வைவா. அதற்குள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். என் 25 கடைகளில் இரண்டு, மொத்த வியாபாரமும் செய்கிற பெரிய கடைகள். வரைபடம் போட்டால் மணி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும் போல.