பால்சோறும் வளைந்த கால்களும்

சென்ற தை மாதம் தஞ்சையில் அத்தை வீட்டுக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் நான்கு மாதப் பொமரேனியன் குட்டி ஒன்று இருந்தது. என்னைக் கண்டு ஓடிவர முயன்ற அது, முன்னங்கால்கள் வில்லாய் வளைய, பாதி வழியிலேயே அமர்ந்துவிட்டது. "ஒரு குறையும் வைக்கலடா, மூணு வேளையும் பால்சோறுதான்" என்றார் அத்தை. அந்தப் பால்சோறுதான் குறை என்றார் கால்நடை மருத்துவர். நோயின் பெயர் ரிக்கெட்ஸ். நெல் விளையும் நாட்டில், அன்போடு ஊட்டப்பட்ட குட்டிக்கு ஏன் இந்நிலை? விடை தேடினால் பழங்கதை ஒன்று விரிகிறது.

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் குதிரைகளைப் பற்றிய அசுவ சாத்திரத்தையும் யானைகளைப் பற்றிய கஜ சாத்திரத்தையும் அச்சிட்டு வெளியிட்டுள்ளது. அரசரின் விலங்குகளுக்கு ஏட்டில் இடம் கிடைத்தது. உழவர் வீட்டு நாய்க்குக் கொல்லைப்புறத்தில்தான் இடம். மிச்சச் சோற்றிலேயே அது வாழ்ந்தது என்பது பாதி உண்மைதான். அறுவடை முடிந்த வயலில் எலி பிடித்தது. மீன் ஆய்ந்த இடத்தில் தலையும் குடலும் தின்றது. வீட்டார் இட்டது சோறு. மீதியை அது தானே தேடிக்கொண்டது.

சோறு நாய்க்குப் பகை அன்று. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகளே உண்டு. நாய்க்கோ நான்கு முதல் முப்பது வரை உண்டு என 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. மனிதனோடு வாழ்ந்து தானியம் உண்ணப் பழகிய உயிர் அது. சோறு மட்டுமே உணவாகும்போதுதான் இடர் தொடங்குகிறது.

இதை உலகுக்கு உணர்த்தியவையும் நாய்க்குட்டிகளே. பிரிட்டனின் தொழில் நகரங்களில் ஏராளமான குழந்தைகள் ரிக்கெட்ஸால் கால் வளைந்து துன்புற்ற காலம். எட்வர்ட் மெல்லன்பி என்னும் ஆய்வாளர் நாய்க்குட்டிகளுக்குத் தானிய உணவையே பெரிதும் தந்து பார்த்து, 1919இல் தம் முடிவை வெளியிட்டார். எலும்புகள் வளைந்தன, காட் மீன் ஈரல் எண்ணெய் பெற்ற குட்டிகள் தப்பின. எலும்பைக் காத்தது அவ்வெண்ணெயிலுள்ள வைட்டமின் ஏ அன்று, வேறொரு பொருள் என 1922இல் அமெரிக்க அறிஞர் மெக்கலம் குழுவினர் காட்டினர். அதுவே வைட்டமின் டி.

தஞ்சை வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று நண்பர்கள் கேட்கலாம். வெயில் பட்டால் மனிதத் தோல் வைட்டமின் டியை உண்டாக்கிக்கொள்ளும். நாயின் தோலுக்கு அத்திறன் போதாது. உணவிலிருந்தே அது பெற்றாக வேண்டும். பாலும் ஈடு செய்யாது. தாய்நாயின் பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் பசுவின் பாலைப் போல் இரு மடங்குக்கு மேல். அரிசியிலோ எலும்பில்லாத இறைச்சியிலோ சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு.

கொல்லைக் கதவைச் சாத்திக் குட்டியைக் கூடத்தில் வைத்தபோது, அது தேடி உண்ட பாதியை நாம் பறித்துவிட்டோம். அதைத் திருப்பித் தருவது நம் கடமை. சிறிய இனக் குட்டிக்கு வயிறு சிறிது. நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை சரிந்து மயங்கிவிடும். ஆகவே மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும் உணவு தேவை. வளரும் குட்டிகளுக்கான முழுமையான உணவு என்று குறிக்கப்பட்டதை வாங்குவது எளிய வழி. வீட்டில் சமைப்பவர்கள் சோற்றோடு வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழி இறைச்சி சேர்க்கலாம். சுண்ணாம்புச் சத்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தர வேண்டும். மிகுந்தாலும் எலும்பு கெடும். வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோறும் உலர்திராட்சை இட்ட சர்க்கரைப் பொங்கலும் நமக்கு விருந்து, அதற்கு நஞ்சு.

பங்குனியில் அத்தை தொலைபேசியில் அழைத்தார். குட்டி இப்போது வாசல்வரை ஓடி வருகிறதாம். இடது முன்னங்கால் மட்டும் இன்னும் சற்றுக் கோணலாகவே இருக்கிறதாம்.