டைனமோமீட்டரும் ஒரு சைலன்சரும்

பி.எச்.பி., பி.எச்.பி. என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் அந்த ‘பிரேக்’ எங்கிருந்து வந்தது? ஹீட் இன்ஜின்ஸ் லேபில் பிரேக் டிரம்மில் கயிறு சுற்றி, எடை தொங்கவிட்டு, ஸ்பிரிங் பாலன்ஸ் ரீடிங் எடுத்தோமே, அங்கிருந்துதான். (இன்ஜின் ஓடியதைவிட ரெக்கார்டு நோட்டு ஓடியது அதிகம் என்பது வேறு விஷயம்!) 1821-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரோனி செய்ததும் ஏறக்குறைய அதேதான். சுழலும் தண்டை மரக்கட்டையால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடியைத் தாங்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்த்தார். 1877-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஃபிரௌட் கட்டைக்குப் பதில் தண்ணீரை வைத்துக் கப்பல் இன்ஜின்களை அளந்தார்.

இந்தச் சாதாரண லேப் கருவி மோட்டார் சைக்கிள் சரித்திரத்தையே புரட்டிப்போட்ட கதை ஒன்று உண்டு. தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

கிழக்கு ஜெர்மனியில் சோபாவ் என்ற சிற்றூர். போருக்கு முன் டி.கே.டபிள்யூ. இருந்த இடத்தில் எம்.இஸட். தொழிற்சாலை. 1953-ல் அதன் ரேஸ் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் வால்டர் காடன். கையில் காசில்லை, நல்ல உலோகம் கிடைப்பதும் கஷ்டம். அந்தக் காலத்தில் டூ-ஸ்ட்ரோக் என்றாலே புகைவிடும் ஏழை வண்டி என்றுதான் பெயர். ரேஸில் ஃபோர்-ஸ்ட்ரோக்தான் ராஜா.

டூ-ஸ்ட்ரோக்கின் வியாதி நமக்குத் தெரிந்ததுதான். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புது சார்ஜ் உள்ளே வருகிறது. ஒரு பங்கு அப்படியே வெளியே ஓடிவிடுகிறது. காடன் எக்ஸாஸ்ட் குழாயையே கதவாக்கினார். குழாய் விரியும் இடத்திலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து பழைய புகையை இழுக்கும். பிறகு குழாய் குறுகும் இடத்தில் மோதிய அலை அழுத்தமாகத் திரும்பி வந்து, வெளியே எட்டிப்பார்த்த சார்ஜை மறுபடி உள்ளே தள்ளும். சரியாகப் போர்ட் மூடும் நேரத்துக்கு அது வந்து சேர வேண்டும். 10,800 ஆர்.பி.எம்.-ல் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 5.6 மில்லி செகண்ட்தான்!

இதைப் பேப்பரில் கணக்குப் போட்டு மட்டும் பிடிக்க முடியாது. வாயுவின் சூடு மாறினால் ஒலியின் வேகம் மாறிவிடும். ஆகவே குழாயை வெட்டு, வெல்டு வை, டைனமோமீட்டரில் ஏற்று, ஆஸிலோஸ்கோப்பில் அலையைப் பார், மறுபடி வெட்டு. குழாயைக் கொஞ்சம் குறைத்தால் மேல் ஆர்.பி.எம்.-ல் பவர் ஏறும், கீழே டார்க் படுத்துவிடும். உச்சி நம்பரை மட்டும் பார்க்கிறவன் இங்கேதான் ஏமாறுவான். வளைவிலிருந்து வண்டியை இழுத்து வெளியே கொண்டுவருவது டார்க் கர்வின் அகலம். சத்தம் கூடினால் பவர் கூடிவிட்டது என்று சைலன்சரைக் குடைகிற நம்ம ஹாஸ்டல் பையன்கள் இதைக் கவனிக்கணும்.

1961-ல் காடனின் 125 சி.சி. இன்ஜின் 25 பி.எச்.பி. கொடுத்தது. லிட்டருக்கு 200! சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த இன்ஜினும் அதுவரை தொடாத அளவு. நம்ம ஊர் ஆர்.எக்ஸ். 100 கொடுத்தது 98 சி.சி.யில் 11 பி.எச்.பி. அதன் சைலன்சரும் இந்த வம்சம்தான்.

அந்த வருஷம் உலகச் சாம்பியன் பட்டத்தின் வாசலில் நின்றார் எம்.இஸட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில் சுவீடன் ரேஸில் இன்ஜின் நின்றுபோனது. டெக்னர் ஊர் திரும்பவில்லை. மனைவியும் குழந்தைகளும் கார் டிக்கியில் ஒளிந்து மேற்கே வந்து சேர்ந்தார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுஸுகி. 1962-ல் சுஸுகியின் 50 சி.சி. வண்டியில் உலகப் பட்டம் வென்றார். டூ-ஸ்ட்ரோக்குக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

ஜப்பான்காரன் சும்மா காப்பியடித்தான் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. 125-க்கு வெட்டிய குழாய் 50-க்குப் பொருந்தாது. அவர்களும் மறுபடி டைனமோமீட்டர் முன்னால் உட்கார்ந்துதான் ஆகணும். ஆனால் எந்தத் திசையில் வெட்ட வேண்டும் என்று தெரிவதற்கே காடனுக்கு எட்டு வருஷம் ஆனது. அந்த எட்டு வருஷத்தை அவர்கள் செலவழிக்கவில்லை.

எம்.இஸட். கடைசிவரை ஒரு கிராண்ட் பிரீ உலகப் பட்டமும் வாங்கவில்லை. சுஸுகா ரேஸ் தடத்தில் டெக்னர் பெயரில் வளைவு இருக்கிறது. காடன் அதே கம்பெனியில் வேலையைத் தொடர்ந்தார், 1996-ல் காலமானார்.