மணலில் தொடங்கிய எழுத்து

நம் பங்கின் விழா மலருக்கு ஆலயத்தின் வரலாற்றைப் பிறர் எழுதுகின்றனர். ஆகவே நம் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கற்ற வரலாற்றைப் பற்றிச் சில செய்திகளை ஈண்டுத் தர விழைகின்றேன். காட்டுப்பள்ளியில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காட்டு ஏரி, தெற்கே எண்ணூர். இடையில் எங்கு நோக்கினும் மணல். தமிழ்ப் பிள்ளையின் முதல் ஏடு மணல்தான்.

அக்காலத் திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டேதான் பிள்ளை எழுத வேண்டும். இவ்வாறு செவி, நா, விரல், கண் ஆகிய நான்கும் ஒரே வேளையில் பாடம் கற்றன. மணலில் கை தேறிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பின்னர் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோரிடம் பாடம் கேட்பான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் எழுத்தைக் கற்றதும் இவ்வழியில்தான். திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராக மணலில் அமர்ந்து எழுதினார் அந்தப் படித்த ஜெர்மானியர்.

இம்முறை கடல் கடந்த கதையும் சுவையானது. 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்காக ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். ஒருநாள் குதிரைமேல் செல்கையில், ‘மலபார்’ பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். (அந்நாளைய ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே அழைத்தனர்.) தம் இல்லத்து ஆசிரியர்களை அவ்வாறே கற்பிக்கச் சொன்னார், அவர்கள் ஒப்பவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாது என்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்! பெல் தாயகம் திரும்பி 1797-ல் இலண்டனில் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அதே முறையின் மறுபக்கத்தை 1823-ல் பெல்லாரி கலெக்டர் காம்பெல் தம் அறிக்கையில் எழுதியுள்ளார். மணலெழுத்தின் சிக்கனத்தையும், மூத்தவன் இளையவனுக்குக் கற்பிப்பதையும் மனமாரப் பாராட்டியவர் அவர். எனினும் பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுள் பேச்சுமொழியினின்று வேறுபட்டிருப்பதால், பொருள் அறியாமல் கிளிப்பிள்ளைபோல் சொல்கிறார்கள் என்றும் குறைப்பட்டார்.

இக்குறையை நம் முன்னோரின் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. பனையோலைச் சுவடியை ஒருமுறை கண்டவருக்கு இது விளங்கும். புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று பெரும்பாலும் புள்ளியிட மாட்டார்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. செய்யுளை முன்னரே நெஞ்சில் வைத்திருப்பவனே ஓலையைத் தங்குதடையின்றி வாசிக்க முடியும். அதாவது அன்று வாசிப்பு என்பது பெரும்பாலும் தெரிந்ததை ஓலையில் மீண்டும் காண்பது. தெரியாததைப் படித்து அறிவது அதற்கு அடுத்த படி; அப்படியில் ஏறியவர் சிலரே.

அந்தப் படியைத் தாழ்த்திக் கொடுத்தவர்களில் நம் திருச்சபையின் மக்கள் இருவர் உளர். அண்ட்ரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற ஞானோபதேச நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் ஏ, ஓ என்னும் நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரண்டையும் நம் பிள்ளை இன்று ஐயமின்றிப் பிரித்துப் படிப்பது அவர் செய்த உதவி. பின்னர் 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லை, னை முதலிய எழுத்துகளின் துதிக்கை நீங்கிற்று. பழைய செபப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள் அவ்விடத்தில் மட்டும் இன்னும் திகைத்து நிற்கிறார்கள்!

செபப் புத்தகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்தால், வரியில் விரலை வைத்து ‘அருள் நிறைந்த மரியே’ என்று அழகாகப் படிக்கும். விரல் ஒரு வரியில் இருக்கும். வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பெற்றோர் மகிழ்கின்றனர்; மகிழட்டும், அதுவும் ஒரு தேவையான பருவமே. அமெரிக்கப் பேராசிரியை ஜீன் சால் 1983-ல் வெளியிட்ட நூலில் வாசிப்பின் படிகளை வகுத்துள்ளார். படிப்பதுபோல் பாவனை செய்தல் முதலில். பிறகு எழுத்தை ஒலியாக்குதல். பிறகு தெரிந்த செய்தியைத் தடையின்றி வாசித்தல். அதன் பின்னரே புதியதை அறிவதற்காகப் படித்தல். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகின்றனர் என்று அவர் கண்டார். நம் ஓலைச்சுவடியின் கதையும் அதே இடத்தைத்தான் சுட்டுகிறது.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாக 1826-ல் குறித்தார். அவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. ஆசிரியருக்குக் காசோ தானியமோ கொடுக்க வேண்டும். வலையை நம்பி வாழும் வீட்டில் அது ஏது? தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கோ திண்ணையில் ஏறவே பெரும்பாலும் இடமில்லை. மணல் எல்லார் காலடியிலும் கிடந்தது. விரலைப் பிடித்து எழுதுவிக்கும் கைதான் எல்லார்க்கும் கிட்டவில்லை.

இன்று நம் பகுதியில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. அவற்றோடு தாள்களும் வந்தன: நில அறிவிப்பு, ஒப்பந்தக் கூலிச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுப் படிவம், கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பு. இவற்றுள் ஒன்றையும் எவரும் மனப்பாடமாக அறிந்திருக்க முடியாது. வரிக்கு வரி பொருள் கண்டு படித்தாக வேண்டும். படிக்கத் தெரிந்த மகளை அருகில் வைத்துக்கொண்டு கையொப்பமிடும் தந்தைக்கும், பிறர் காட்டிய இடத்தில் இடும் தந்தைக்கும் உள்ள வேற்றுமையை நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், தமிழக அரசு 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கிற்று. பிள்ளை எந்த வகுப்பு என்று பாராமல், எந்த அளவுக்குப் படிக்கும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடு. நம் ஞாயிறு வகுப்பிலும் உபதேசியாரும் அருட்சகோதரிகளும் செபங்களைக் கேட்டு முடித்தபின், பிள்ளை அதுவரை காணாத ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, “இதில் என்ன சொல்லியிருக்கிறது?” என்று கேட்கலாம். பத்தி நற்செய்தியிலிருந்து இருக்கலாம். அன்றைய நாளிதழிலிருந்தும் இருக்கலாம்.